ஒரே கட்டைவிரல், இரண்டு மனுக்கள்

முடியாது என்று மற்றவர்கள் சொன்னவற்றில் எதையெல்லாம் என் தங்கை முடித்துக் காட்டினாள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நான்கு வயதில், மருத்துவர் கையை விரித்துவிட்ட காய்ச்சலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயதில் மில்லின் நூல் சுற்றும் பகுதியில், "இவளுக்குக் கை எட்டாது" என்று திருப்பி அனுப்பிய மேஸ்திரியின் கண்ணெதிரே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று வேலை வாங்கினாள். வேலை தேடி வெளியூர் போன கணவர் கடிதம்கூடப் போடாமல் இருந்துவிட்ட பிறகு, பெண் குழந்தையைப் பசி தெரியாமல் வளர்த்தாள். நிவாரண வேலையில் ஒரே நாளில் இரண்டு பெட்டி ஜல்லி உடைத்த பெண் எங்கள் வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். மூன்று பக்கமும் மூன்று பேர் இழுத்துப் பிடித்த விசாரணையில், தான் சொல்ல நினைத்ததைத் தான் நினைத்தபடியே சொன்னாள். இதில் எதற்கும் யாரும் அவளுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நடையில் தவறு இருக்கலாம். தேதிகளில் இருக்காது, எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. முப்பத்தொரு வயதிலும் பாப்பாதான். வேலைத்தளத்தில் கட்டெறும்பு என்பார்கள். ஆளின் அளவுக்கு மீறிய சுமையைத் தூக்குவாள், சீண்டினால் கடிப்பாள் என்பதால் வந்த பெயர் அது.

1932ஆம் ஆண்டு அக்டோபரில் மில்லை மூடினார்கள். நாங்கள் இருவரும் அங்கேதான் வேலை பார்த்தோம். கட்டிய துணிப் பேல்களின் மேல் எண்ணும் ஊர்ப்பெயரும் போடுவது என் வேலை. எழுத்துகளை வெட்டி எடுத்த தகரத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மேலே கறுப்பு மையைத் தூரிகையால் தேய்த்தால் எழுத்து பதிந்துவிடும். பதினெட்டு வருடம் அதைச் செய்தேன். மூடுவதற்கு இரண்டு மாதம் முன்பு பேல் அழுத்தும் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்தேன். தூரிகை பிடிக்கலாம், சுத்தியல் பிடிக்க முடியாது.

எட்டு மாதம் எப்படி ஓட்டினோம் என்பதை விட்டுவிடுகிறேன். எங்கும் அதே கதைதான். மில், சுரங்கம், துறைமுகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. பிறகு அரசாங்கம் நிவாரண வேலை என்று ஒன்றை அறிவித்தது. சரக்கு ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை கல் சாலை. வீட்டுக்கு ஒருவருக்குத்தான் இடம். கூலியாகப் பணம் கிடையாது; சனிக்கிழமை தோறும் சீட்டு தருவார்கள், அதைக் காட்டி அரசுக் கிடங்கில் சாமான் வாங்கிக்கொள்ளலாம். மில்லில் கிடைத்ததில் பாதிக்குத்தான் சாமான் வரும்.

பதிவு செய்யப் போன பாப்பாவிடம் குமாஸ்தா, வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

"இருக்காரு. அவருக்கு ரெண்டு விரல் இல்லை. எனக்குப் பத்தும் இருக்கு, எண்ணிப் பாத்துக்கோங்க" என்று இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தாளாம். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஓர் இடம் கிடைத்தது. நான், அவள், ஆறு வயதுக் குழந்தை, மூன்று பேருக்கும் அந்த ஓர் இடம்தான்.

1933 ஜூன் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை வேலை தொடங்கியது. தொடங்கியது என்று காகிதத்தில் இருக்கிறது. கருங்கல் வந்து மலையாகக் குவிந்துவிட்டது, சுத்தியல்தான் வரவில்லை. மணி அடித்ததும் பாப்பாவையும் சேர்த்து நாற்பது பேர் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டுத் தகரக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது நாள் அப்படியே போனது; அந்த நாள்களுக்கும் சீட்டு கிடைத்தது. கையால் உடைக்கலாமா என்று பாப்பா மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, வாயை மூடிக்கொண்டு உட்கார் என்றாராம். பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை மதியம்தான் சுத்தியல் வந்தது.

அதற்குப் பிறகு உட்காரவே நேரமில்லை. உடைத்த கல் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல இரும்பு வளையத்துக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். நுழையாத கல்லைத் திரும்ப உடைக்க வேண்டும். அளவுப் பெட்டி நிரம்பினால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். விரல்களில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார்கள். கண்ணுக்குக் கம்பிவலை. செப்டம்பரில் சுத்தியல் நழுவி பாப்பாவின் வலது கட்டைவிரல் குறுக்காகப் பிளந்தது. ஆறியபோது நடுவே வாய்க்கால் வெட்டியது போல ஒரு கோடு நின்றுவிட்டது. நவம்பரில், போட்டு முடித்த சாலையில் அரை மைலைத் திரும்பத் தோண்டினார்கள். தண்ணீர்க் குழாய் பதிக்க மறந்துவிட்டார்களாம். குழாயைப் பதித்து, அதே பள்ளத்தை அதே ஆட்கள் மூடினார்கள்.

இந்தச் சாலையை வைத்து ஊரில் இரண்டு கட்சிகள் மோதிக்கொண்டன. இரண்டின் நடுவிலும் எங்கள் வீடு மாட்டிக்கொண்டது. அது எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

நாங்கள் இருந்தது ஓர் இரும்புச் சாமான் கடையின் பின்கட்டில் ஒற்றை அறை. அறைக்குத் தனி வாசல் கிடையாது. ஆணிப் பெட்டிகளுக்கும் தொங்கும் சங்கிலிகளுக்கும் நடுவே ஓராள் அகலச் சந்தில், கடைக்காரரின் நாற்காலியை உரசிக்கொண்டுதான் வெளியே போகவேண்டும், உள்ளே வரவேண்டும். கடைக்காரர்தான் வீட்டுக்காரர். வணிகர் கட்சியின் வட்டாரச் செயலாளரும் அவரே. உழைக்காமல் கூலி கொடுத்தால் ஜனம் சோம்பேறியாகிவிடும், வரி கட்டுகிறவன் தலையில் கை வைத்துப் பள்ளம் தோண்டி மூடுகிறார்கள், இதை நிறுத்தி வரியைக் குறைத்தால் மில் தானாகத் திறக்கும் என்பது அவர் கட்சி.

எங்களுக்குத் தண்ணீர் எதிர்ச்சாரியில் இருந்த தொழிற்சங்கக் கட்டடத்தின் முற்றத்துக் குழாயில். அதன் சாவி சங்கத்துச் செயலாளரின் இடுப்பில். அரைக்கூலிக்கு முழு எலும்பையும் வாங்குகிறார்கள், நாளைக்கு மில் திறந்தாலும் முதலாளி இந்த அரைக்கூலியைக் காட்டித்தான் பேரம் பேசுவான், ஜனத்தின் கோபத்தை அடக்கப் போட்ட பிச்சை இது, இதை நிறுத்திவிட்டு முழுக்கூலியில் நிரந்தர வேலை கொடு என்பது அவர் கட்சி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டால் தெருவைக் கடந்து போய்விடுவார்கள். ஆனால் இருவரும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து சாத்தப் பார்த்தது ஒரே கதவைத்தான். அந்தக் கதவு வழியாகத்தான் எங்களுக்குச் சாமான் வந்துகொண்டிருந்தது.

இனி பாப்பா செய்த தவறு. சனிக்கிழமைகளில் சீட்டு தரும்போது கொட்டகையில் மேசை போட்டு, பட்டியலின் மூன்று பிரதிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒன்று வேலை அலுவலகத்துக்கு, ஒன்று கருவூலத்துக்கு, ஒன்று தலைமை அலுவலகத்துக்கு. எழுதத் தெரியாதவர்கள் மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தொட்டு மூன்றிலும் வைத்துக்கொண்டே நகரவேண்டும். நின்றால் பின்னால் இருப்பவர் தள்ளுவார். முப்பது வாரத்துக்கு மேல் இப்படி நகர்ந்து, மைப்பெட்டியைக் கண்டால் விரல் தானாக நீளும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். 1934 ஜனவரி இருபதாம் தேதி சனிக்கிழமை, கொட்டகைக்கு வெளியே அதே வரிசையில் இன்னும் இரண்டு மேசைகள் இருந்தன. இரண்டிலும் மைப்பெட்டி, இரண்டிலும் காகிதம். அன்று பாப்பா ஐந்து இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள்.

அவள் மட்டுமல்ல. நாற்பதில் முப்பது பேராவது அப்படித்தான் வைத்தார்கள். ஒரு மேசை கடைக்காரருடையது, ஒரு மேசை சங்கத்துடையது. பெயர் எழுதச் சொன்னால் ஜனம் பயப்படும் என்று இரண்டு பேருமே வெறும் கைநாட்டு மட்டும் வாங்கினார்கள். அதனால் மற்றவர்களின் விரல்கள் வெறும் மைக்கறையாக நின்றன. பாப்பாவின் விரலில் மட்டும்தான் நடுவே கோடு இருந்தது.

நிவாரண வேலையை ஏப்ரலுக்குப் பிறகு தொடர்வதா, நிறுத்துவதா என்று பார்க்க அரசாங்கம் மூன்று பேர் கொண்ட குழுவை அனுப்பியது. இரண்டு மனுக்களும் அந்தக் குழுவிடம் போயின. அங்கே ஏதோ ஒரு குமாஸ்தாவுக்குக் கூர்மையான கண். "நாங்கள் சும்மா உட்கார்ந்து கூலி வாங்குகிறோம்" என்ற மனுவின் அடியிலும், "நாங்கள் எலும்பு தேய உழைக்கிறோம்" என்ற மனுவின் அடியிலும் ஒரே கோடு போட்ட கட்டைவிரல். வேலைப் பட்டியலோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை அழைப்பாணை வந்தது. பொய்மனு கொடுத்தவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன்.

"ஏன் பாப்பா அஞ்சு தடவை வெச்சே?" என்றேன்.

"மைப்பெட்டி இருந்துச்சு. வெச்சேன்" என்றாள்.

கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. பள்ளிக்கூடம் போனவன் நான். அவள் பள்ளிக்கூட வாசல் வரை வந்தவள், எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவருவதற்காக.

அன்றிலிருந்து அந்தச் சந்து இன்னும் ஒடுங்கிவிட்டது போல இருந்தது. காலையில் அவள் வெளியே போகும்போது கடைக்காரர் நாற்காலியை நகர்த்த மாட்டார். காலை மட்டும் லேசாக ஒதுக்கிக்கொண்டு, நல்லவராகத்தான் பேசுவார். சங்கத்து மனுவில் விரல் வைக்கச் சொல்லி மிரட்டினார்கள் என்று சொன்னால் போதும், அறையை எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். குடத்தோடு எதிர்ச்சாரிக்குப் போனால் சங்கத்துச் செயலாளர் குழாய்ச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே பேசுவார். அவரும் நல்லவராகத்தான் பேசினார். வீட்டுக்காரரின் மிரட்டலால் அந்த மனுவில் விரல் வைத்ததாகச் சொன்னால் அவள் வீராங்கனை, மாநாட்டு மேடையில் நாற்காலி போடுவேன் என்றார்.

"நாற்காலி எதுக்கு? குடத்தை நிரப்பிக்கறேன், அது போதும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வேலைத்தளத்திலும் தப்பிக்க இடமில்லை. மேற்பார்வையாளருக்கு இரண்டு மனுவும் பொய்யாக வேண்டும். ஒன்பது நாள் சுத்தியல் வராததும், குழாயை மறந்ததும் அவருடைய தலையில்தான் விடியும். எந்தக் குறையும் இல்லை, இரண்டும் என் விரல் இல்லை என்று சொல்லச் சொன்னார். விரலில் கோடு இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, கோடு யாருக்கும் விழும் என்றாராம்.

நானும் ஒரு பக்கம் இழுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மேற்பார்வையாளர் சொன்னபடியே சொல்லிவிடு, பட்டியல் அவர் கையில்தான் இருக்கிறது என்று மன்றாடினேன். அவள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் நாற்காலி, இந்தப் பக்கம் சாவி, அங்கே பட்டியல். நீ இன்னும் ஒண்ணைக் கொண்டு வந்து போடாதே" என்றாள்.

மார்ச் எட்டாம் தேதி வியாழக்கிழமை நகரசபை மண்டபத்தில் விசாரணை. நீளமான அறை, ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. இடப்பக்க பெஞ்சில் கடைக்காரர் ஆட்கள், வலப்பக்க பெஞ்சில் சங்கத்து ஆட்கள், பின்னால் கதவோரம் மேற்பார்வையாளர். நடுவில் பாப்பா நின்றாள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேள்வி கேட்பார். இரண்டு மனுக்களையும் படித்துக் காட்டச் சொன்னார். அவள் அவற்றைக் காதால் கேட்டதே அன்றுதான்.

இதில் எது உன்னுடையது என்று கேட்டார்.

"விரல் ரெண்டுலயும் என்னுதுதான் ஐயா. பேச்சு ரெண்டுலயும் என்னுது இல்லை."

இரண்டு பெஞ்சிலும் சலசலப்பு எழுந்தது. அப்படியென்றால் உன் பேச்சு எது என்று தலைவர் கேட்டார். அவள் மூச்சு விடாமல் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்ததால் ஒரு சொல்கூட விடவில்லை.

"ஒம்பது நாள் சும்மா உக்காந்திருந்தேன். அது நிஜம். சுத்தியல் வரலை. வந்தப்புறம் கல்லு உடையறதுக்கு முன்னாடி என் விரல் உடைஞ்சுது. அதுவும் நிஜம். பள்ளம் தோண்டி மூடினோம். கூலி பத்தலை. எல்லாம் நிஜம். ஆனா ரெண்டு காகிதத்துலயும் கடைசி வரி ஒண்ணா இருக்கு ஐயா, வேலையை நிறுத்துங்கன்னு. அதை மட்டும் நான் சொல்லவே இல்லை. அது நின்னா என் குழந்தை என்ன சாப்பிடும்னு ரெண்டு காகிதத்துலயும் எழுதலையே."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் வழக்கப்படி மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விரல் பாதி வரை நீண்டதை நான் பார்த்தேன். தலைவர் பெட்டியை எடுத்து மூடிவிட்டார். ஒரே விரல் ஏற்கெனவே இரண்டு விதமாகச் சாட்சி சொல்லியிருக்கிறது, மூன்றாவது முறை அதை இந்தக் குழு ஏற்காது என்றார். எழுதத் தெரிந்தால் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் இந்த வாக்குமூலம் செல்லாது, பழைய இரண்டு மனுக்கள்தான் நிற்கும், பட்டியலில் பெயர் நிற்காது.

"தெரியாது" என்றாள் பாப்பா. பிறகு, "ஒரு வாரம் குடுங்க" என்றாள்.

வலப்பக்க பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இடப்பக்கமும் சிரித்தது. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்தன. தலைவர் சிரிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை என்று எழுதிக்கொண்டார். எழுதும்போதே இன்னொன்றும் சொன்னார். வேலை செய்யாமல் சீட்டு பெற்ற நாளுக்கு ஈடாகச் சீட்டில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. யார் யார் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள் என்று வாக்குமூலத்தில் வந்தால், அத்தனை பேரும் செய்ய வேண்டியிருக்கும்.

அன்று மாலையே அவளோடு கல் உடைப்பவர்களில் ஒருவரான சோடாப்புட்டி வந்தார். கண்ணாடி கனமாக இருப்பதால் அந்தப் பெயர். நாற்பது பேருக்காகவும் பேசுகிறவர் அவர்தான். கடைச் சந்தில் சங்கிலிகளை விலக்கிக்கொண்டு வந்தவர் உட்காரவில்லை. நாற்பது வீட்டில் ஒன்பது நாள் அடுப்பு எரியாது, அதற்கு நீ பதில் சொல்வாயா என்று கேட்டார். உட்கார்ந்ததைச் சொல்லாதே, உழைத்ததை மட்டும் சொல் என்றார்.

"உழைச்சதை மட்டும் சொன்னா அது அவங்க காகிதம். உக்காந்ததை மட்டும் சொன்னா இவங்க காகிதம்" என்றாள் பாப்பா.

"அப்ப எங்களைக் காட்டிக்குடுக்கறதுதான் உன் காகிதமா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். மறுநாள் முதல் வேலைத்தளத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அளவுப் பெட்டியை அவளே தூக்கினாள்.

கையெழுத்து விஷயத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். பழைய தகரம் ஒன்றைத் தேடி எடுத்து, இரவல் உளியால் பட்டியலில் உள்ள அவள் பெயரின் நான்கு எழுத்தையும் வெட்டி, பேல் தகடு போலவே செய்து கொடுத்தேன். காகிதத்தின் மேல் வைத்துத் தேய்த்தால் முடிந்தது என்று பெருமையாகச் சொன்னேன். அவள் ஒரு முறை தேய்த்துப் பார்த்தாள். அழகாகத்தான் விழுந்தது.

"இதை வேற யார் எடுத்துத் தேச்சாலும் இப்படித்தானே விழும்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப இதுக்கும் என் கட்டைவிரலுக்கும் என்ன வித்தியாசம்? அதையாவது வெட்டி எடுத்துட்டுப் போக முடியாது" என்றாள்.

ஆனால் தகட்டை அவள் தூக்கிப் போடவில்லை. வேலைத்தளத்துக்கு எடுத்துப் போனாள். பெட்டி அளக்க ஆள் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில், கல் உடைத்த மாவைக் காலடியில் பரப்பி, தகட்டைப் பக்கத்தில் வைத்து, கூரான கல் சில்லால் அதைப் பார்த்து எழுதினாள். நானாக முன்வந்து காட்டித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் எனக்குத் தெரியாமலே ஒரு தவறு நுழைந்துவிட்டது. தகட்டில் எழுத்து வெட்டும்போது சுழியின் உள்பகுதி உதிர்ந்து விழாமல் இருக்க, அங்கங்கே மெல்லிய தகரப் பாலம் விடுவோம். பதியும்போது அந்த இடத்தில் சிறு இடைவெளி விழும். எழுத்தே அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சுழியின் நடுவில் கையைத் தூக்கி, ஓர் இமைப்பொழுது விட்டு, மறுபடி தொடங்கி எழுதப் பழகினாள். மூன்றாவது எழுத்து மட்டும் அவளை ஐந்து நாள் சுற்றிச் சுற்றி வரவைத்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்காரர் சந்தின் நடுவில் புதிதாக ஆணிப் பெட்டி இரண்டை இறக்கி வைத்தார். குழந்தை குனிந்து போய்விடும். பாப்பா பக்கவாட்டில் நுழையவேண்டும். புதன்கிழமை குழாய்ச் சாவி தொலைந்துவிட்டது என்றார்கள். அன்று தண்ணீருக்கு மூன்று தெரு நடந்தாள். அதே புதன் மாலை மேற்பார்வையாளர் அவள் நிரப்பிய பெட்டியை வளையம் போட்டு அளந்து, பாதிக் கல் பெரிது என்று கொட்டிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் அறைக்கு ஜன்னலும் கிடையாது, பார்ப்பதற்குச் சுவர்தான் உண்டு. போகாமல் இருந்துவிடலாமா என்று அன்று ஒரு முறை கேட்டாள். அவள் வாழ்நாளில் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

கையெழுத்துக்குப் பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்தோடு முடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மார்ச் பத்தொன்பதாம் தேதி திங்கள் முதல் இருபத்தெட்டாம் தேதி புதன் வரை, நடுவில் ஒரு ஞாயிறு போக, ஒன்பது நாள் அவள் சீட்டில்லாமல் கல் உடைத்தாள். அவள் ஒருத்திதான். அந்த ஒன்பது நாளும் அவளுடைய பெட்டி மதியத்துக்குள் நிரம்பிவிட்டது. யார் கல் போட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. சோடாப்புட்டி தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். கடைக்காரர் கட்சியின் பத்திரிகை, "சும்மா உட்கார்ந்திருந்தேன்: பெண் தொழிலாளி ஒப்புதல்" என்று கொட்டை எழுத்தில் போட்டது. சங்கத்துப் பத்திரிகை, "கல்லுக்கு முன் என் விரல் உடைந்தது: பெண் தொழிலாளி குமுறல்" என்று போட்டது. இரண்டிலும் மீதிப் பாதி இல்லை. அவள் சொன்ன கடைசி வரி இல்லவே இல்லை. நான் படித்துக் காட்டியபோது, "ரெண்டையும் ஒட்டிப் படி, சரியா வரும்" என்றாள். வேலையை ஆறு மாதம் நீட்டித்தார்கள், அதற்கு மேல் இல்லை. கருவி வந்து சேராமல் ஆளைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். மே மாதம் எங்களை அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். போன இடத்திலும் ஒற்றை அறைதான். வாசல் மட்டும் தனி.

இனி அந்த வியாழக்கிழமை. மண்டபத்தில் போன வாரத்தைவிடக் கூட்டம் அதிகம். கையெழுத்தைப் பார்க்க வந்த கூட்டம். தலைவர் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்து முடித்ததும், ஒன்பது நாள் உன்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று கேட்டார். பின்னால் அவளோடு கல் உடைத்தவர்கள் நின்றிருந்தார்கள்.

"எனக்கு என்னைப் பத்தித்தான் தெரியும் ஐயா" என்றாள்.

நாற்பது பேருக்கும் சேர்த்துத்தானே சுத்தியல் வரவில்லை என்றார் அவர்.

"சுத்தியல் வரலைங்கறது மேற்பார்வையாளர் ஐயாவைக் கேக்கணும். உக்காந்தது என்னைக் கேக்கணும். என்னைக் கேட்டீங்க, சொல்லிட்டேன். மத்தவங்க கையெழுத்தை நான் எப்படிப் போடறது? என்னுதே இன்னிக்குத்தான் வருது."

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருக்க, முப்பத்தொன்பது பேர் சுத்தியல் இல்லாமல் கல் உடைத்ததாக இந்தக் குழு நம்ப வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டார். பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு, பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

இடப்பக்கம் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். வலப்பக்கம் சாவிக்கொத்து ஒலித்தது. பாப்பா இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. பேனா கல் சில்லைவிட இலேசாக இருந்ததால் முதலில் கையில் நிற்கவில்லை. முஷ்டியால் பிடிப்பது போலப் பிடித்தாள். முதல் எழுத்தைப் போட்டுவிட்டு மூச்சு விட்டாள். இரண்டாவது கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மூன்றாவதில் நிப்பு காகிதத்தைக் கீறியது. குமாஸ்தா கையை நீட்டினார், வேண்டாம் என்று தலையசைத்து, தகட்டில் இருந்தபடியே நடுவில் ஓர் இடைவெளி விட்டுச் சுழியை முடித்தாள். நான்காவதை வேகமாகப் போட்டு, பேனாவைச் சுத்தியல் வைப்பது போலப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மை உலரும்வரை அந்தக் காகிதத்தின் பக்கத்திலிருந்து நகரவில்லை.

1934ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது.